வளைவில் நின்ற வண்டி

லக்தரின் பட்டறை வாசலில் அன்று காலை வந்து நின்ற வண்டியை ஐன் ஸபியாவில் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளை நிறம், ஏழு பேர் உட்காரும் நீளமான பிரெஞ்சு வண்டி, கதவில் டாக்ஸி என்று எழுதியிருந்ததைச் சுரண்டியெடுத்த தழும்பு. பதினாறு வருடமாக அது தாஹர் வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தது. எதிரே ரபாஹ்வின் காபிக்கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள், கையிலெடுத்த கட்டையைக் கீழே வைக்காமல் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓட்டி வந்தது தாஹரின் மகள் ஸுலீகா. அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஊரில் பாதிக் குழந்தைகள் அவள் கையால் ஊசி போட்டுக்கொண்டவை. அந்தக் குழந்தைகளின் அப்பாக்கள்தான் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஸி லக்தர், நேரம் இருக்கா?" என்றாள். பெரியவர்களை அங்கே மரியாதைக்கு 'ஸி' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

லக்தருக்கு ஐம்பத்தெட்டு வயது. வண்டி எலக்ட்ரீஷியன் வேலையில் முப்பத்தைந்து வருடம். நேரம் இல்லை என்று சொல்ல ஆயிரம் வழி தெரிந்தவர். அன்று ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"விக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேனே" என்றார்.

"வித்தாச்சுன்னுதான் நினைச்சேன். புலீதாவிலேர்ந்து ஒருத்தர் வந்தார். நேத்து மத்தியானம் மலைப்பாதையில ஓட்டிப் பாத்தார். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஊற்றடி வளைவுல நின்னுருச்சு."

லக்தர் துணியை எடுத்துக் கை துடைத்தார். கையில் அழுக்கு ஒன்றுமில்லை.

"சத்தமே இல்லாம நின்னுச்சு. எங்க அப்பா எப்படிச் சொன்னாரோ அப்படியே. அரைமணி நேரம் கழிச்சு சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. வந்தவர் வேணாம்னுட்டுப் போயிட்டார். போகட்டும். அவருக்கு நான் கும்பிடு போடணும்." அவள் சாவியை மேசையில் வைத்தாள். "இதைச் சரி பண்ண வேணாம், ஸி லக்தர். என்னன்னு கண்டுபிடிச்சுக் காட்டுங்க, அது போதும்."

"மெதியாவுல பெரிய பட்டறை இருக்கேம்மா. மிஷின் வச்சுப் பாப்பாங்க."

"அப்பாதான் உங்ககிட்டக் கொண்டுபோகச் சொன்னார். வேற யார்கிட்டயும் வேணாம்னார்."

அது ஏன் என்று லக்தர் கேட்கவில்லை. மடியில் கனம் இருப்பவன் வழியில் யாரையும் நிறுத்தி விசாரிக்க மாட்டான்.

நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. ராணுவமும் காட்டிலிருந்த ஆயுதக் கும்பல்களும் மோதிக்கொண்ட அந்தக் கெட்ட வருடங்களில் ஒரு ஆகஸ்ட் மத்தியானம், தாஹர் நான்கு பயணிகளை ஏற்றிக்கொண்டு மெதியாவுக்குப் புறப்பட்டார். அதில் ஒருவன் ரபாஹ்வின் தம்பி யஸீத். இருபத்தோரு வயது, கட்டாய ராணுவ சேவையில் இருந்தவன், விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஊற்றடி வளைவில் வண்டி நின்றது. கால்மணி நேரத்தில் காட்டிலிருந்து மூன்று பேர் துப்பாக்கியோடு இறங்கி வந்தார்கள். எல்லோருடைய காகிதங்களையும் பார்த்தார்கள். ராணுவத்தில் இருப்பவன் என்று தெரிந்ததும் யஸீதை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஓடைப்பக்கம் அவன் உடல் கிடைத்தது.

வண்டி தானாக நின்றது என்றார் தாஹர். மறுநாள் காலை காவல்படைக்காரர்கள் சாவியைத் திருப்பினார்கள். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. இரண்டு பேருக்கு விஷயம் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. சொல்லிவைத்து நிறுத்தினான், காட்டிக்கொடுத்தான், காசு வாங்கினான் என்று ஆளுக்கு ஒன்றாகக் கூட்டிச் சேர்த்தார்கள். காவல்படை ஊரில் இருந்த ஒரே எலக்ட்ரீஷியனை அழைத்து வண்டியைப் பார்க்கச் சொன்னது. அவர் பார்த்தார். ஃபியூஸ் பார்த்தார், ரிலே பார்த்தார், பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார். பழுது எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாஹர் ஐந்து மாதம் உள்ளே இருந்தார். சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். சட்டம் விட்டது, ஊர் விடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கையெழுத்துப் போட்ட எலக்ட்ரீஷியன் லக்தர்தான்.

வண்டி காலை முழுக்கக் குளிர்ந்தே நின்றது. லக்தர் முறையாக ஆரம்பித்தார். பானெட்டைத் திறந்து ஃபியூஸை உருவிப் பார்த்தார், நன்றாக இருந்தது. பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயைக் கழற்றி மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தார், டிக் என்று அடித்தது. எர்த் ஒயரைச் சுரண்டிப் பளபளப்பாக்கினார். பின்சீட்டைத் தூக்கி, டேங்குக்கு மேலே இருக்கும் பம்ப் இணைப்பைப் பிரித்து, டெஸ்ட் லேம்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"மின்சாரம் வருதும்மா" என்றார்.

"அன்னிக்கும் இதே லேம்பைத்தான் வச்சீங்களா?" என்று கேட்டாள் ஸுலீகா. குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது.

"இதேதான்."

டெஸ்ட் லேம்ப் பொய் சொல்லும் என்பது லக்தருக்குத் தொழிலின் இரண்டாம் வருடமே தெரியும். அந்தச் சின்ன பல்பு எரியத் துளி மின்சாரம் போதும். ஒயர் எங்காவது கருகி மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அது எரியும். பம்ப் அப்படியில்லை. அது தின்னும் தீனி பெரிது. கருகின இடத்தில் அவ்வளவும் போக முடியாமல் சூடேறும், சூடேற ஏற வழி இன்னும் அடையும், கடைசியில் பம்ப் பட்டினியில் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். பழைய வண்டிகளில் மத்தியானம் நின்று காலையில் ஓடும் வியாதி பெரும்பாலும் இதுதான்.

ஆக, தேட வேண்டியது கருகின ஓர் இடம். அது எங்கே இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடத்துக்கு முன்னாலும் அப்படித்தான் பார்த்தார்.

அந்த நாட்களில் வண்டி பறிபோவது தினசரிச் செய்தி. அதனால் ஊரில் ஒவ்வொருவரும் லக்தரிடம் வந்து ரகசிய சுவிட்ச் வைத்துக்கொண்டார்கள். பம்புக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு சுவிட்சைச் சேர்த்து, யாருக்கும் தெரியாத மூலையில் ஒளித்துவைப்பது. அதை அணைத்துவிட்டு இறங்கினால் திருடன் நூறு அடி ஓட்டுவதற்குள் வண்டி நின்றுவிடும். எங்கே இருக்கிறது என்பது வைத்தவருக்கும் வண்டிக்காரருக்கும் மட்டும்தான் தெரிய வேண்டும். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்வதில்லை என்று லக்தர் சத்தியம் வாங்குவார். ஒரு தபால்காரர் தன் சுவிட்ச் எங்கே என்று தானே மறந்துபோய், வண்டியைக் கழுதை கட்டி இழுத்துவந்து, "லக்தர், நான் ரகசியத்தைக் காப்பாத்திட்டேன், என்கிட்டயிருந்தே காப்பாத்திட்டேன்" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் இரண்டு வருடம் சிரித்தது. சிரிக்க அப்போது வேறு அதிகம் இல்லை.

தாஹர் வண்டிக்கு அந்த வேலை செய்த சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. ஈயம் உருக்கும் கம்பி ஆறிக் கிடந்தது. ஊரடங்குக்கு அரைமணிதான் பாக்கி. லக்தர் ஒயர் நுனிகளை முறுக்கி, டேப் சுற்றி, ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டுக்கு அடியில் செருகிவிட்டு, "அண்ணே, அடுத்த வாரம் வாங்க, ஈயம் வச்சுத் தர்றேன்" என்றார். தாஹர் சரி என்றார். அடுத்த வாரம் தாஹர் வரவில்லை. லக்தரும் கூப்பிடவில்லை. சுவிட்ச் வைத்தது ஏப்ரலில். ஆகஸ்டில் வண்டி நின்றது.

இவ்வளவுதான் விஷயம். முறுக்கிவிட்ட இரண்டு ஒயர்.

"மத்தியானம் வரட்டும்" என்றார் ஸுலீகாவிடம். "சூட்டுல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

இரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். பம்ப் இணைப்பிலிருந்து நீளமாக இரண்டு ஒயர் இழுத்து மீட்டரோடு சேர்த்து, மீட்டரை ஸுலீகாவின் மடியில் வைத்திருந்தார் லக்தர். மீட்டர் லேம்ப் மாதிரி ஏமாற்றாது. பம்ப் ஓடும்போதே எத்தனை வோல்ட் சேருகிறது என்று எண்ணில் சொல்லிவிடும்.

"எண் மாறினா சத்தமாப் படிம்மா. நான் ரோட்டைப் பாக்கணும்."

வெயில் ரோட்டில் நெளிந்தது. வண்டி ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. முதல் பத்து நிமிடம் எண் மாறவில்லை.

"பன்னெண்டே முக்கால்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "பன்னெண்டு."

"ம்."

"பதினொண்ணு. ஸி லக்தர், பத்தரை."

லக்தரின் சீட்டுக்கு அடியிலிருந்து லேசாக ஒரு வாசனை வந்தது. டேப்பின் பசை சூடேறும் வாசனை. பக்கத்தில் இருந்தவள் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குத் தன் வியர்வை மாதிரி தெரியும்.

"ஒன்பது. எட்டே கால்." அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்படித்தான் நடந்திருக்கு, இல்லையா? இப்படித்தான் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும், எங்க அப்பா ஒண்ணும் தெரியாம ஓட்டிக்கிட்டு இருந்திருப்பார். ஏழு."

வண்டி இரண்டு முறை இழுத்தது. சத்தம் அடங்கி, டயர் ரோட்டில் உருளும் ஓசை மட்டும் கேட்டது. லக்தர் ஓரமாக ஒதுக்கினார். ஊற்றடி வளைவு. கல் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மனிதனின் பொய் என்று ஊர் பதினாறு வருடம் பேசிய விஷயம் ஸுலீகாவின் மடியில் ஓர் எண்ணாக நின்றது. அவள் மீட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்துல கொஞ்சம் தண்ணி பிடிச்சுட்டு வாம்மா" என்றார் லக்தர். "ரேடியேட்டருக்கு."

ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். லக்தர் கீழே இறங்கி மண்டியிட்டு, சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டை விலக்கிக் கையை நுழைத்தார். விரல் பட்டதும் தோல் பொசுங்கியது. கையை இழுக்காமல் ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். வலித்தால் தேவலை போலிருந்தது.

பிறகு யோசித்தார். மனிதன் கெட்டுப்போவது கோபத்தில் என்பார்கள். யோசிக்கும்போதுதான் அதிகம் கெட்டுப்போகிறான். ரிலேயும் இப்படிச் சூடேறிக் கெடும். ரிலே என்று சொல்லிவிட்டால் தாஹர் நிரபராதி. லக்தரும் நிரபராதி. சுவிட்ச் இருந்தது என்று தெரிந்தால் தாஹரே கைவைத்து அணைத்தார் என்றுகூட நாக்கில் நரம்பில்லாதவர்கள் பேசுவார்கள். அதைவிட ரிலேதான் எல்லோருக்கும் நல்லது. பட்டறைச் சட்டைப்பையில் புது ரிலே ஒன்று இருந்தது. வரும்போதே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு எடுத்தோம் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அவள் தண்ணீரோடு வந்தபோது அவர் பானெட்டுக்குள் குனிந்திருந்தார்.

"கிடைச்சுருச்சு" என்றார். "ரிலே. உள்ள முனை தேஞ்சுபோயிருக்கு. ஆறினா ஒட்டிக்கும், சூடானா விட்டுரும். அன்னிக்கு ஆறின வண்டியைத்தான் என்கிட்டக் காட்டினாங்க. அதான் தெரியலை."

புது ரிலேயைச் செருகினார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவதாகப் போக்குக் காட்டி இருபத்தைந்து நிமிடம் கடத்தினார். கீழே ஜாயிண்ட் ஆறியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆனது.

ஸுலீகா அழுதாள். முகத்தை மூடாமல், தலைத்துணி நழுவியது தெரியாமல், ரோட்டோரத்தில் நின்று அழுதாள். கழற்றின ரிலேயைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"இதை நான் எல்லார்கிட்டயும் காட்டுவேன். நீங்க சொல்லணும், சித்தப்பா. உங்க வாயால சொல்லணும்."

சின்ன வயதில் அவள் லக்தரை அப்படித்தான் கூப்பிடுவாள். பதினாறு வருடம் கழித்து இன்றுதான் மறுபடி வாயில் வந்தது. வரக் கூடாத நேரம் பார்த்து வந்தது.

அன்று சாயங்காலம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, லக்தர் கருகின ஜாயிண்டை வெட்டியெடுத்தார். புது ஒயர் போட்டு ஈயம் வைத்தார். பதினாறு வருடம் கழித்து வந்த அடுத்த வாரம் அது. வெட்டின துண்டு கட்டைவிரல் நீளம் இருக்கும். டேப் உருகிக் கறுத்து, செம்பு பச்சை பூத்திருந்தது. குப்பையில் போடக் கை வரவில்லை. மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

ஊர் வேகமாகத் திரும்பியது. ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டு பதினாறு வருடம் அழுத ஊர், மூன்று நாளில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நான் அப்பவே நினைச்சேன் என்றது. ஸுலீகா ரிலேயை மருத்துவமனையில் காட்டினாள், ரொட்டிக்கடையில் காட்டினாள். காபிக்கடைக்குப் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. அங்கே லக்தர் சொல்லட்டும் என்றாள்.

லக்தர் தினமும் பத்து மணிக்கு அங்கே போவார். ஜன்னலோர நாற்காலி அவருடையது. உட்காருவதற்குள் கோப்பை வந்துவிடும். கடுங்காபி, இரண்டு கட்டிச் சர்க்கரை. ரபாஹ் எதுவும் கேட்க மாட்டான். அன்று கோப்பையை வைத்துவிட்டு நின்றான்.

"நிஜமா, அண்ணே? ரிலேதானா?"

டோமினோக் கட்டைகளின் சத்தம் நின்றது.

"ரிலேதான், தம்பி" என்றார் லக்தர்.

"அந்த மனுஷன் நிறுத்தலையா?"

"நிறுத்தலை. அது மட்டும் சத்தியம்."

ரபாஹ் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு அவர் வீட்டுக்குப் போறேன்" என்றான். "என்ன சொல்றதுன்னு தெரியலை. போறேன்."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு கிழவர், "லக்தருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா, ஒரு ரிலேயைப் பாக்கப் பதினாறு வருஷம் ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லக்தரும் சிரித்தார். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

வியாழக்கிழமை காலை, பட்டறைக்குள் வெளிச்சம் மறைந்தது. லக்தர் நிமிர்ந்தார். வாசலில் தாஹர் நின்றுகொண்டிருந்தார்.

எழுபதைத் தாண்டிவிட்ட மனிதர். உடம்பு பாதியாகியிருந்தது. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார், அதுவும் பெரிய தெரு வழியாக. எதிரே காபிக்கடையில் எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் உள்ளே வந்து, டயர்களின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, ரிலேயை மேசையில் வைத்தார்.

"சுட்டது இது இல்லை, லக்தர்" என்றார். "சுட்டது வேற."

லக்தர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு வண்டி நின்னதும் எனக்கு என் சீட்டு அடியில வாசனை வந்துச்சு. கையை விட்டுப் பாத்தேன். பொசுங்கிருச்சு." அவர் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். அதில் இப்போது ஒன்றுமில்லை. லக்தரின் விரலில் கொப்புளம் இருந்தது. தாஹர் அதையும் பார்த்தார்.

"அப்ப ஏன் அண்ணே சொல்லலை?"

"யார்கிட்ட? காவல்படைகிட்டயா? சீட்டு அடியில பெட்ரோலை நிறுத்துற சுவிட்ச் இருக்குன்னு நானே சொல்லவா? கயித்தை நானே எடுத்துக் குடுக்கவா? அதை நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். வச்சவன் வந்து சொல்லணும். 'இது நான் வச்சது, ஈயம் வைக்கலை, கருகிருச்சு, இவர் கை படலை'ன்னு வச்சவன் சொன்னா நம்புவாங்க." அவர் நிறுத்திக்கொண்டு மறுபடி மூச்சு வாங்கினார். "என்னை அடைச்சிருந்த அறையில ஒரு ஜன்னல். அது வழியாப் பாத்தேன். நீ வந்தே. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தே. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். லக்தர் வந்துட்டான், அவனுக்கு இடம் தெரியும்னு நினைச்சேன். நீ பானெட்டைத் தொறந்தே. பின்சீட்டைத் தூக்கினே. முன்சீட்டுக் கதவைத் தொறக்கவே இல்லை."

லக்தர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருந்துச்சு, அண்ணே."

"தெரியும்."

"என்னை உள்ள வச்சுருவாங்கன்னு..."

"தெரியும்டா. எனக்கும் அதே பயம்தான். நான் உன்னைக் காட்டிக்குடுக்கலை. நீயா வருவேன்னு இருந்தேன். அந்த ஜாயிண்டை நான் தொடவே இல்லை. மாசத்துக்கு ஒருதரம் கொட்டகைக்குள்ளயே ஸ்டார்ட் பண்ணி வண்டியைச் சாகவிடாம வச்சிருந்தேன். ஒருநாள் யாராவது பாப்பாங்கன்னு. போன வாரம் என் பொண்ணு முன்னால வண்டி நின்னுச்சு. லக்தர்கிட்டயே கொண்டுபோன்னு சொன்னேன். ரெண்டாவது தடவை கேக்குறேன், இந்தத் தடவை சொல்லிருவான்னு." அவர் ரிலேயை விரலால் தள்ளினார். "நீ இதைக் குடுத்து அனுப்புறே."

"உங்க பேருக்கும் நல்லதுன்னுதான் அண்ணே..."

"உண்மையைச் சொன்னேன், பொய்யன்னு பேர் வாங்கினேன். இப்ப ஒரு பொய்யை வச்சு என்னை நல்லவனாக்குறியா? நாளைக்கு ரபாஹ் என் வீட்டுக்கு வர்றானாம். தம்பியைப் பறிகுடுத்தவன். அவன் கையை நான் எதைச் சொல்லிப் பிடிக்க? இந்தத் துண்டு இரும்பைச் சொல்லியா?" தாஹரின் குரல் உயரவில்லை. "அந்த ஜாயிண்ட் எங்க? வெட்டி எறிஞ்சுட்டியா?"

லக்தர் இழுப்பறையைத் திறந்தார். கறுத்த துண்டை எடுத்துத் தாஹரின் உள்ளங்கையில் வைத்தார். தாஹர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதச் சிறையும் பதினாறு வருட வீடும் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றார்.

லக்தர் தெருவைக் கடந்தார். பத்தடித் தெரு. அதைக் கடக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனதை டோமினோக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மணி பத்து. ஜன்னலோர மேசையில் அவருடைய கோப்பை ஆவி பறக்க வைக்கப்பட்டிருந்தது. அவர் உட்காரவில்லை. ஒயர் துண்டை அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரபாஹ், நான் சொன்னது பொய்" என்றார். "ரிலே இல்லை. இது. இது என் வேலை."

சுவிட்சைச் சொன்னார், மின்சாரம் போனதைச் சொன்னார், அடுத்த வாரம் என்று சொன்னதைச் சொன்னார். மறைக்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ரபாஹ் ஒயரைக் கையில் எடுத்தான்.

"காவல்படை கூப்பிட்டப்ப இந்த இடத்தைப் பாத்தியா?" 'அண்ணே' என்ற சொல் அவன் வாயிலிருந்து போயிருந்தது.

"பாக்கலை."

"இங்கதான் இருக்கும்னு தெரியுமா?"

"தெரியும்."

ரபாஹ் தலையை ஆட்டினான். "யஸீதைக் கொன்னது நீ இல்லை. கொன்னவங்க வேற. அதை உன் மேல போட மாட்டேன்." ஒயரை மேசையில் வைத்தான். "ஆனா எங்க அம்மா தினமும் விடிஞ்சதும் அந்த மனுஷன் வீட்டு வாசல்ல போய் நின்னு, உன் பிள்ளைகள் விளங்காமப் போகட்டும்னு சாபம் விட்டுட்டு வருவா. எழுந்திருக்க முடியாமப் போற வரைக்கும் விட்டா. சாகிற அன்னிக்குக்கூட அவர் பேரைத்தான் சொல்லித் திட்டினா. நீ இங்க உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருந்தே. அந்தச் சாபத்தை நான் இப்ப யார்கிட்டப் போய்த் திருப்பி வாங்குறது, லக்தர்?"



ரபாஹ் மேசையிலிருந்து கோப்பையை எடுத்தான். இரண்டு கட்டிச் சர்க்கரை வைத்த சின்னத் தட்டையும் எடுத்தான். இடுப்புத் துணியை அவிழ்த்துக் கல்லாவின் மேல் போட்டான். தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து, பட்டறைக்குள் போனான். இருட்டுக்குள் டயர்களின் மேல் உட்கார்ந்திருந்த உருவத்தின் முன்னால் அவன் குனிவது இங்கிருந்து தெரிந்தது. வெகுநேரம் அவன் நிமிரவில்லை.

லக்தர் ஜன்னலோரத்தில் நின்றுகொண்டிருந்தார். டோமினோக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவரைத் தாண்டி, தெருவைக் கடந்து பட்டறை வாசலுக்குப் போனார்கள். போகும்போது ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி வாங்கித் தரச் சொன்ன கிழவர் மட்டும் ஒரு நொடி நின்றார். பிறகு தன் தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

கடையில் லக்தர் தனியாக இருந்தார். மேசையில், கோப்பை இருந்த இடத்தில் ஈர வட்டம் ஒன்று, அதன் பக்கத்தில் அந்த ஒயர் துண்டு. அன்று அவருக்கு யாரும் காபி வைக்கவில்லை. அடுத்த நாளும் வைக்கவில்லை.